பூஜ்ஜியம் எழுதிய பலகை

அந்த வீட்டுக் கூடத்துச் சுவரில் இன்னொரு ஆணி அடிக்க இடம் கிடையாது. தாத்தா கான்ஸ்டபிளாக விறைத்து நிற்கும் படம், அப்பா இன்ஸ்பெக்டராகப் பதக்கம் வாங்கும் படம், அண்ணன் போக்குவரத்துப் பிரிவில் விசிலோடு முறைக்கும் படம், கடைக்குட்டி மகள் இன்ஸ்பெக்டராகப் பொறுப்பேற்ற படம். நாலு பேரும் நகரத்தையே காத்தவர்கள். அவர்களுக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்த அம்மாவின் படம் மட்டும் இல்லை. யூனிஃபார்ம் போடாதவளுக்கு அந்தச் சுவரில் என்ன வேலை?

அப்பேர்ப்பட்ட வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த அம்மாவின் நீல ஸ்கூட்டரை செவ்வாய்க்கிழமை காலையில் காணோம். அறுபது வயதில் முட்டியைப் பெயர்த்துக்கொண்டு ஓட்டப் பழகிய வண்டி அது. அதற்கு முன்னால், 'ஜீப் வரும், அதில் போய்க்கலாம்' என்று வீட்டில் சொன்னதை நம்பி முப்பது வருஷம் வாசலில் நின்றிருக்கிறாள். ஜீப் ஒரு நாளும் அவளுக்காக வந்ததில்லை.

குடும்பம் உடனே விசாரணையில் இறங்கியது. அதாவது, அம்மாவை விசாரித்தது.

"சாவி எங்க வச்ச? பூட்டினதை யார் பாத்தாங்க?" என்றார் ஓய்வு பெற்றும் ஓயாத அப்பா.

"நான்தான் பூட்டினேன். இன்னும் கொஞ்சம் விட்டா, நானே திருடினேன்னு கையெழுத்தும் வாங்கிடுவீங்க."

அண்ணன் ஷூ லேஸைக் கட்டியபடியே, "நிக்கிற வண்டியும் ஓடுற வண்டியும்தான் எங்க பிரிவும்மா. காணாமப் போன வண்டி தங்கச்சி பாடு" என்று சொல்லிவிட்டு நழுவினான்.

தங்கச்சி தொப்பியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினாள். ஸ்டேஷனில் அவள் நாற்காலிக்குப் பின்னால் ஒரு கரும்பலகை தொங்கியது: 'இந்த மாதம் வாகனத் திருட்டு: 0.' மாதம் முடிய இன்னும் இரண்டே நாள். பூஜ்ஜியம் நிலைத்துவிட்டால் உதவி கமிஷனர் பதவிக்கான பட்டியலில் அவள் பெயர் ஏறிவிடும். அப்பா எட்டி எட்டிப் பார்த்தும் கைக்கு எட்டாத பதவி. திருடர்களைப் பிடித்து வந்த பூஜ்ஜியம் என்று யாரும் தவறாக நினைத்துவிட வேண்டாம். புகார் கொடுக்க வந்தவர்களைப் பேசியே திருப்பி அனுப்பி வந்த பூஜ்ஜியம் அது. தாத்தா காலத்திலிருந்து வரும் குடும்ப வித்தை.

பதினோரு மணிக்கு அம்மா வெயிலில் நடந்தே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். கையில் புகார், இரண்டு பிரதி. கான்ஸ்டபிள் பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"எதுக்கும்மா இங்க வந்த? வீட்டுல பேசிக்கலாம்ல" என்றாள் மகள்.

"வீட்டுல சொன்னா அது புலம்பல். இங்க சொன்னாதான் புகார். எழுது."

"நல்லா யோசிச்சுப் பாரு. கடை வாசல்ல நிறுத்திட்டு, மறந்துபோய் நடந்து வந்திருப்ப."

"இது உங்க தாத்தா சொல்றது. வயசானவங்க வந்தா ஞாபக மறதி."

"தெரிஞ்சவங்க யாராவது அவசரத்துக்கு எடுத்துட்டுப் போயிருப்பாங்கம்மா. ரெண்டு நாள் பொறுத்துப் பாப்போமே."

"இது உங்க அப்பாவோடது. மாசக் கடைசியில மட்டும் சொல்லுவாரு."

"சரி, வண்டியைக் காணவில்லைன்னு ஒரு ரசீது தரேன்."

"இது உன் சொந்தச் சரக்கு. காணவில்லைன்னு எழுதினா பலகையில ஏறாதுன்னு போன மாசம் சாப்பிடும்போது நீயே சொல்லிச் சிரிச்ச. நாப்பது வருஷமா உங்க எல்லாருக்கும் பரிமாறினவடி நான். கைதான் வேலையா இருந்துச்சு, காது சும்மாதான் இருந்துச்சு."

பக்கத்து மேஜையில் எழுத்தர் ஒரு ஃபைலைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். ஃபைல் குலுங்கியது.

அம்மா குரலைத் தாழ்த்தினாள். "பெத்தவளுக்கே இந்தக் கதின்னா, மத்தவங்களை என்ன பண்ணி அனுப்புற?"

மகளுக்கு சுருக்கென்றது. போன வாரம் பைக்கைப் பறிகொடுத்த தையல்காரர் ஒருவர் வந்திருந்தார். அவருக்கும் இதே ரசீதுதான். அவர் அதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றி மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நன்றி இப்போது நினைவுக்கு வந்ததும் அவளுக்கு அவமானமாக இருந்தது. எழுத்தரைக் கூப்பிட்டு வழக்கைப் பதிவு செய்யச் சொன்னாள். பலகையில் பூஜ்ஜியத்தைத் தன் கையாலேயே அழித்து ஒன்று போட்டாள். முடிந்தவரை சின்னதாகத்தான் போட்டாள். பதவி என்றால் சும்மாவா?

எழுத்தர் எழுதி முடிக்கும் நேரத்தில் அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"ஏய், அம்மா வண்டிப் பெட்டியில பூப்போட்ட குடை இருக்குமா?"

விஷயம் இதுதான். திங்கட்கிழமை சாயங்காலம் பெரிய மனிதர் ஒருவர் அந்தத் தெரு வழியாகப் போவதாக இருந்தது. அண்ணன் மைக்கில், "தெருவுல எது நின்னாலும் தூக்கு" என்று முழங்கியிருக்கிறான். தன் வீட்டு வாசலும் தெருவில்தான் இருக்கிறது என்பது அவன் மூளைக்கு எட்டவில்லை. தூக்கிய வண்டிகளைச் சனிக்கிழமை மொத்தமாக நோட்டில் ஏற்றுவது அவன் பிரிவின் வழக்கம். அதுவரை எந்த வண்டிக்கும் பதிவு கிடையாது, சீட்டு கிடையாது. இன்றைக்கு வண்டிக் கிடங்கில் நிழல் தேடி, ஒரு ஸ்கூட்டரில் சாய்ந்தபடி டிபன் பாக்ஸைத் திறந்திருக்கிறான். பாதிச் சாப்பாட்டில்தான் யாருடைய வண்டியில் சாய்ந்திருக்கிறோம் என்று உறைத்திருக்கிறது.

மகளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "கிடைச்சாச்சும்மா! அண்ணன்தான் தெரியாம எடுத்துட்டான். இதைக் கிழிச்சுப் போட்டுடலாம்!" என்றாள். அதற்குள் சாக்பீஸ் கைக்கு வந்துவிட்டது. தையல்காரர் வந்த வழியே அவள் நினைவிலிருந்து போய்விட்டார்.

"ஏன் கிழிக்கணும்? சொல்லாம, சீட்டு கொடுக்காம, நோட்டுலயும் எழுதாம அடுத்தவங்க வண்டியைக் கொண்டுபோய் வச்சுக்கிட்டா, அதுக்கு என்ன பேரு?"

"திருட்டும்மா" என்றார் எழுத்தர், பழக்க தோஷத்தில். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இப்போ ஆள் பேரும் தெரிஞ்சு போச்சு. அதையும் சேத்து எழுது. எழுதலன்னா, இந்த ரெண்டாவது பிரதி கமிஷனருக்குப் போகும்."

மகள் சாக்பீஸைக் கீழே வைத்தாள். எழுத்தரிடமிருந்து பேனாவை வாங்கி, படிவத்தைத் தானே நிரப்பினாள். பெயர் என்ற கட்டத்தில் அண்ணன். தகப்பன் பெயர் என்ற கட்டத்தில் அப்பா. தொழில் என்ற கட்டத்தில் காவல்துறை. மூன்று தலைமுறை ஸ்டேஷனே கதியென்று கிடந்த குடும்பம், குற்றப் பதிவேட்டில் ஏறியது அன்றைக்குத்தான்.

"நகல் ஒண்ணு கொடு."

"எதுக்கும்மா?"

"கூடத்துல மாட்ட. இடம் பத்தலன்னா உங்க அப்பா பதக்கத்தைக் கழட்டிக்கலாம்."

மகள் நகலை நீட்டினாள். புகார் கொடுத்தவர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர் முழுசாக, முத்திரையோடு இருந்தது. அந்தக் குடும்பத்தின் அத்தனை போலீஸ் காகிதங்களிலும் அம்மாவின் பெயர் இருந்தது அது ஒன்றில்தான்.