மிஸ்டர் பிக்கப்பின் சத்தக் குறிப்பேடு

1.

இந்தக் கதை ஒரு வாக்கியத்தின் மேல் வந்த கோபத்தில் பிறந்தது. கோபம் என்னுடையதுகூட அல்ல, லொரெய்ன் என்ட்விசிலுடையது. லங்காஷயரில் ஹேக்வொர்த் பேருந்துப் பணிமனையில் அவளும் நானும் பத்தொன்பது வருடம் ஒரே கெட்டிலில் தேநீர் போட்டுக் குடித்தவர்கள். அவள் பேருந்து ஓட்டினாள். நான் கால அட்டவணை எழுதினேன். ஆகவே புனைவு எனக்குப் புதிதல்ல.

அந்த வாக்கியம் இது: "எண்பதுகள் பொதுவாக அமைதியான பத்தாண்டு."

கார்டன் ஸ்கோல்ஃபீல்டு என்பவர் வடக்கு இங்கிலாந்தின் சோல் நடனத்தைப் பற்றி முந்நூற்று நாற்பது பக்கம் எழுதியிருந்தார். எழுபதுகளுக்கு இருநூறு பக்கம். தொண்ணூறுகளுக்கு நூற்றுச் சொச்சம். எண்பதுகளுக்கு மேற்படி ஒரு வரி. வரிக்குக் கீழே ஒரு மூடிய கதவின் படம். எந்த ஊர்க் கதவு என்றுகூடப் போடவில்லை.

2.

முதல் பத்தியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

மழை பெய்துகொண்டிருந்தது. (லங்காஷயரில் இது ஒரு செய்தியே அல்ல.)

கால் வழுக்கி ஆடத் தரையில் தூவிய டால்கம் பவுடரின் மேல் அவள் ஒற்றைக் காலில் சுழன்றபோது உலகமே— (உலகத்தை இழுத்தாலே நான் பேனாவை மூடிவிடுவேன்.)

பதினோரு பேர் ஒரே கணத்தில் கை தட்டினார்கள், அப்போது— (அப்போது என்ன நடந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் இந்த ஊருக்கு வந்ததே 1991இல்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். அறுபதுகளில் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்கள் பாடி, அங்கே விலைபோகாமல் மூலையில் கிடந்த சோல் இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்து, இங்கே எழுபதுகளில் ஆலைத் தொழிலாளிகள் ஆடித் தீர்த்தார்கள். எண்பதுகள் பிறந்ததும் பெரிய கூடங்கள் ஒவ்வொன்றாக மூடின. எல்லாரும் அகலக் கால்சட்டையை மடித்துப் பரணில் போட்டுவிட்டு, கல்யாணம் செய்து சோபா வாங்கினார்கள். செருப்பு ஆலையில் வேலை பார்த்த கெல்வின் த்ரெல்ஃபாலுக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது. 1981 தொடங்கி, மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல், மதியம் இரண்டு முதல் ஆறு வரை, பவுலிங் கிளப் கூடத்தில் தட்டுகளைச் சுழலவிட்டான். கூட்டம் அதிகம் வந்த நாளில் பதினோரு பேர். குறைந்த நாளில் நான்கு பேர். அதில் ஒருவர் கூடத்தைச் சூடேற்றும் ரேடியேட்டரைப் பழுதுபார்க்க வந்தவர். (அவரும் கடைசிவரை இருந்து ஆடிவிட்டுத்தான் போனார்.)

லொரெய்ன் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. 1989 மார்ச்சில் கெல்வின் மாரடைப்பில் இறந்தான். வயது முப்பத்து நான்கு.

அவர்கள் காதலித்தார்களா என்று வாசகர் கேட்பீர்கள். நானும் கேட்டேன். "லூசாய்யா நீ?" என்றாள். அந்தப் பதிலை இரண்டு அர்த்தத்திலும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் பொருந்துகிறது.

3.

ஊர் நூலகத்தில் கார்டன் கையெழுத்துப் போட வந்திருந்தார். லொரெய்ன் வரிசையில் நின்று, முறை வந்ததும் புத்தகத்தை அந்தப் பக்கத்தில் விரித்து வைத்தாள்.

"எண்பதுகள்ல நாங்க ஆடினோம்."

"எங்க ஆடினீங்கம்மா?"

"பவுலிங் கிளப்புல. எட்டு வருஷம்."

"எத்தன பேரு?"

"பதினொண்ணு."

கார்டன் பேனாவை மூடினார். "அதுக்குப் பேரு இயக்கம் இல்லம்மா, பொறந்தநாள் பார்ட்டி. சரி, ஆதாரம் ஏதாவது? போட்டோ? நோட்டீஸு?"

போட்டோ கிடையாது. கெல்வின் கேமராவை உள்ளேயே விட மாட்டான். தன் தட்டுகளின் பெயர் போட்டிக்காரர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று எல்லாவற்றின் மேலும் வெள்ளைத்தாள் ஒட்டி வைத்திருந்தவன். நோட்டீஸும் கிடையாது. வருகிற பதினோரு பேருக்கும் நாள் தெரியும்.

சாட்சிக்கு ஆள் பிடித்தாள். அந்தப் பதினோரு பேரில் ஊரில் மிஞ்சியது இரண்டே பேர். ஒருவர், அது சனிக்கிழமைதான் என்று சத்தியம் செய்தார். இன்னொருவர், எல்லாம் உண்மைதான், ஆனால் லொரெய்ன் மட்டும் ஒருநாளும் வந்ததில்லை என்றார்.

4.

இங்கே வில்ஃப் பிக்கப் வருகிறார். (பிக்கப் என்பது இந்தப் பக்கத்தில் மரியாதையான குடும்பப் பெயர். தமிழ் வாசகருக்கு வண்டி ஞாபகம் வரும் என்று மாற்றப் பார்த்தேன். மாற்றினால் அவர் கதவைத் திறக்க மறுக்கிறார்.)

கிளப் கூடத்தின் சுவரும் அவர் வீட்டுச் சுவரும் ஒன்று. அந்த எட்டு வருடமும் மாதம் தவறாமல் நகராட்சிக்குப் புகார் எழுதியவர். இப்போது வயது எண்பத்தெட்டு. லொரெய்ன் ஒரு செவ்வாய்க்கிழமை இஞ்சி பிஸ்கட் பொட்டலத்தோடு போய் நின்றாள்.

"நீ அந்த குதிக்கிற பொண்ணுல்ல?"

"ஆமா பெரியவரே."

"இன்னும் குதிக்கிறியா?"

"முட்டி போச்சு."

"ரொம்ப சந்தோஷம். உள்ள வா."

புத்தகத்தை நீட்டினாள். அவர் பூதக்கண்ணாடியை வைத்து அந்த ஒரு வரியை மூன்று தடவை படித்தார். கழுத்திலிருந்து சிவப்பு ஏறிக் காதுவரை வந்தது.

"அமைதியா? எவன் இத எழுதினவன்? எட்டு வருஷம் என் அலமாரித் தட்டெல்லாம் ஆடிச்சு! கவுன்சில்காரன் வர்றப்பல்லாம் நீங்க பிரேக் விட்டு கறி பஃப்ஸ் தின்னுட்டிருப்பீங்க. 'ஒண்ணும் கேக்கலையே சார்'னுட்டுப் போயிடுவான். என் பொண்டாட்டி, 'உங்க காதுலதான் கோளாறு'ன்னு சொல்லிக்கிட்டே போய்ச் சேந்துட்டா. இப்ப புஸ்தகத்துலயும் ஏத்திட்டானா? அப்ப நான் என்ன, பொய்யனா?"

மாடிக்குப் போனவர் நான்கு நீல நிற நோட்டுகளோடு இறங்கினார்.

(இவரை என் மனைவி நம்பவில்லை. "எட்டு வருஷம் யாராவது உக்காந்து எழுதுவாங்களா?" என்றாள். இந்தக் கதையை நான் எத்தனை வருடமாக எழுதுகிறேன் என்று அவளுக்கு நினைவூட்டவில்லை.)

5.

அடுத்த மாதம், சனிக்கிழமை காலை பதினொரு மணி. அதே நூலகத்தில் கார்டனின் உரை. கேள்வி நேரத்தில் வில்ஃப் எழுந்தார். கேள்வி கேட்கவில்லை, நோட்டைத் திறந்து படித்தார்.

"1984 அக்டோபர் 7. மதியம் 2.10. ஒருவன் 'போகாதே, போகாதே' என்று கத்துகிறான். அவள் போய்விட்டாள் என்பது எனக்கே தெரிகிறது. 2.13. பலர் ஒரே நேரத்தில் கைதட்டல், இரண்டு முறை. 2.14. அதே பாட்டு மறுபடியும். அவள் இன்னும் வரவில்லை."

பின்வரிசையில், எழுபதுகளில் பெரிய கூடங்களில் ஆடிய நரைத்த தலைகள் நிமிர்ந்தன. "அட, அந்தப் பாட்டுய்யா!" என்றது ஒரு குரல். யாரோ அதன் மெட்டை முணுமுணுக்க, சரியான இடத்தில் ஏழெட்டுப் பேர் படார் படாரென்று இரண்டு தட்டுத் தட்டினார்கள்.

வில்ஃப் விரலை நீட்டிக் கத்தினார்: "இதுதான்! இதே சத்தம்தான்! இத்தனை பேரும் கேட்டீங்கல்ல?"

"ஐயா, இது நூலகம்," என்றாள் நூலகர்.

"1986 மார்ச் 2. சுவர் வழியாகப் பவுடர் வாசனை. வாசனைக்குப் புகார்ப் படிவம் இல்லையாம்."

சிரிப்பு. லொரெய்னும் சிரித்தாள். அவர் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போய்க் கடைசி நோட்டின் கடைசிப் பக்கத்தில் நின்றார். அங்கே குரல் கொஞ்சம் தணிந்தது.

"1989 ஏப்ரல் 2. 2.00. ஒன்றுமில்லை. 2.30. ஒன்றுமில்லை. 3.00. கடிகாரம் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். 4.00. போய்க் கதவைத் தட்டினேன். குதிக்கிற பெண் மட்டும் உட்கார்ந்திருந்தாள். தட்டுப் போடும் பையன் இறந்துவிட்டானாம். கெல்வின் த்ரெல்ஃபால். பெயர் இன்றுதான் தெரிந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல், இன்றைக்குச் சத்தம் குறைவு, நன்றி என்று சொல்லிவிட்டு வந்தேன். இரவு முழுக்கத் தூக்கம் இல்லை."

அந்த ஞாயிறு யாருமே வரவில்லை என்றுதான் லொரெய்ன் இத்தனை வருடமும் என்னிடம் சொல்லியிருந்தாள். பொய் சொல்லவில்லை, அவளுக்கு நினைவில்லை. இப்போது திரும்பி வில்ஃபைப் பார்த்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடி அது.

6.

முடிவுகள்.

கார்டன் கண்ணீர்விட்டு மன்னிப்புக் கேட்கிறார். (எழுதினேன், கிழித்தேன். அவர் கேட்டது நோட்டுகளின் நகல் மட்டும்தான்.)

வில்ஃபும் லொரெய்னும் கைகோத்து— (அவருக்கு இடுப்பு எலும்பு. அவளுக்கு முட்டி.)

நடந்தது: இரண்டாம் பதிப்பில் எண்பதுகளுக்கு ஒன்றரைப் பக்கம் கிடைத்தது. வில்ஃபை "அக்கால இசையின் அயராத ஆவணக்காரர்" என்று போட்டிருந்தார்கள். அவர் உடனே பதிப்பகத்துக்கு ஒரு புகார் எழுதினார். ஆனால் அந்தப் பக்கத்தை வெட்டி அலமாரியில் சாய்த்தும் வைத்தார்.

நூலகப் பிரதி நவம்பரில் வந்தது. லொரெய்ன் காலையிலேயே போய், கண்ணாடி மாட்டி, விரலால் வரிவரியாகத் தேடினாள். கிடைத்துவிட்டது. எண்பதுகளைத் தனியாகத் தாங்கி நின்ற தட்டுக்காரர், கெவின் த்ரெல்ஃபால்.

கெவின்.

ஒரு எழுத்து. கண்ணை இடுக்கிப் பார்த்தாள், விளக்கடியில் வைத்துப் பார்த்தாள், வந்து சேரவில்லை. முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது, முடிந்தபோது அது சிரிப்பாக இல்லை.

இப்போது அவள் கைப்பையில் பேனாவைத் தேடுகிறாள். நூலகப் புத்தகத்தில் எழுதினால் உறுப்பினர் அட்டையைப் பறித்துவிடுவார்கள் என்று சுவரில் எழுதியிருக்கிறது. நூலகர் தேநீர் எடுக்கப் போயிருக்கிறாள், திரும்புகிற செருப்புச் சத்தம் கேட்கிறது. நான் அங்கே இல்லை. ஓய்வுபெற்றவன், வீட்டில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அலமாரிக்கும் மேசைக்கும் நடுவில் நிற்பது நீங்கள்தான், வாசகரே. கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்து மறைத்தால் நூலகர் கண்ணுக்கு அவள் தெரிய மாட்டாள். நகராவிட்டால் தெரிவாள்.

பேனா கிடைத்துவிட்டது அவளுக்கு.