ரன் வீட்டுக் கல்யாணத்தில் இருநூற்றுப் பதினேழாவது டம்ளர்

போன வைகாசியில் எங்கள் மண்டபத்தில் ரன் என்ற ஆங்கில வினைச்சொல்லின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை.

மண்டபம் அருப்புக்கோட்டையில் இருக்கிறது. அங்கே பந்தியில் இலை எண்ணுவது என் வேலை. பத்தொன்பது வருடமாகச் செய்கிறேன். எட்டாவது வரை படித்தேன். ஆங்கிலம் தெரியாது. எண்ணுவதற்கு அது இதுவரை தேவைப்படவில்லை.

ஒரு வினைச்சொல்லின் பிள்ளைகளும் உறவுக்காரர்களும் அதன் அர்த்தங்கள். ரன்னுக்கு அறுநூற்றுச் சொச்சம் என்று பத்திரிகையில் அச்சடித்திருந்தார்கள். எனக்குச் சொச்சம் பிடிக்காது. காலை டிபனுக்கு வாசலில் நின்று எண்ணினேன். இருநூற்றுப் பதினாறு பேர். மற்றவர்களை அன்று யாரோ எங்கோ பேச்சில் உபயோகித்துக்கொண்டிருந்ததால் வர முடியவில்லை.

காலால் ஓடுவது என்பவர்தான் வீட்டுக்கு மூத்தவர். முதல் ஆளாக வந்து, முதல் ஆளாகச் சாப்பிட்டு, கை கழுவாமல் போய்விட்டார். மூக்கு ஒழுகுவதற்குக் கடைசி வரிசையில் தனியாக இலை போட்டேன். அவருக்கு அது பழக்கம்தான் என்று தெரிந்தது. கடை நடத்துவது நேராக அடுப்படிக்குள் போய், பொங்கலை எப்படிக் கிளற வேண்டும் என்று சமையல் மாஸ்டர் கருத்தப்பாண்டிக்குச் சொல்லிக்கொடுத்தார். தேர்தலில் போட்டியிடுவது ஒவ்வொரு இலையின் முன்னும் நின்று கும்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எச்சில் கையோடு பதிலுக்குக் கும்பிட்டார்கள். வரிசைக்குச் சராசரியாக இரண்டு சட்டையில் சாம்பார் பட்டது.

மணப்பெண், துணியில் சாயம் போவது. அமைதியான பெண். அதற்கு முன் முப்பத்திரண்டு இடத்திலிருந்து பார்க்க வந்து, முப்பத்திரண்டு பேரும் வேட்டியில் கறையோடு திரும்பியிருந்தார்கள். மாப்பிள்ளை ஸ்டாண்ட் என்ற வினைச்சொல்லின் இளைய மகன், பொறுத்துக்கொள்வது. பெண் பார்க்க வந்த அன்று அவருடைய வேட்டியும் கத்தரிப்பூ நிறமானது. "இருக்கட்டும்" என்றார். நிச்சயம் செய்துவிட்டார்கள்.

எட்டே முக்காலுக்குச் சிக்கல் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஸ்டாண்ட், நாற்காலி போட்டும் உட்காராமல், மேடைக்கு முன்னால் நின்று பேசினார்.

"எங்க வழக்கத்துல தாய்மாமன் பொண்ணு நெத்தியில பட்டம் கட்டாமத் தாலி ஏறாது. அப்பேர்ப்பட்ட கல்யாணம் செல்லாது. மாமன் எங்க?"

பெண் வீட்டார் ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள். காரணம் இது. ரன் ஆதியில் இரண்டு பேர். அப்பா உள்நாட்டில் விவசாயம் பார்த்த பழைய சொல். அம்மா வடகடலிலிருந்து கப்பலில் வந்திறங்கிய சொல். ஆயிரம் வருடம் சேர்ந்து குடித்தனம் செய்ததில் இருவரும் ஒருவருக்குள் ஒருவர் கலந்து ஒரே ஆளாகிவிட்டார்கள். ஒரே நாற்காலி, ஒரே இலை. உறவுக்காரர்களில் யார் அப்பா வழி, யார் அம்மா வழி என்பது அந்த ஒரே ஆளுக்கும் மறந்துபோயிருந்தது.

"நான்தான் மாமன்" என்று தேர்தலில் போட்டியிடுவது கை தூக்கினார்.

"நீங்க எல்லாருக்கும் மாமன்தான். கீழ இறங்குங்க" என்றார் ஸ்டாண்ட். "பத்தரைக்குள்ள அம்மா வழி ஆளைக் காட்டுங்க. இல்லேன்னா வந்த பஸ்ஸுலயே கிளம்பிருவோம்."

பெண் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். மணமகள் அறையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் அரக்கு நிறத்தில் சொட்டி, தலையணை பாதி நனைந்திருந்தது.

"பெரியப்பா, இதுவும் போனா முப்பத்தி மூணு. நீங்க எண்ணினா தப்பாதுங்கறாங்க. எங்க அம்மா வழியில ஒரே ஒரு ஆளு இருக்கான்னு எண்ணிச் சொல்லுங்க, போதும்."

பெண்பிள்ளைகளோடு பேசி எனக்குப் பழக்கமில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

கப்பலில் சாப்பிட்டு வளர்ந்த வம்சம் தரையில் உட்கார்ந்தாலும் இடது கையால் டம்ளரைப் பிடித்துக்கொண்டுதான் சாப்பிடும். விட்டால் உருண்டுவிடும் என்ற நினைப்பு போகாது. காலையிலேயே அதைக் கவனித்திருந்தேன். கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. முந்தைய பந்திகளில் பிடித்தவர்கள் ஒன்பது. இதில் ஏழு. மொத்தம் பதினாறு. ஆனால் மாமன் பெண்ணைவிட மூத்தவராக இருக்க வேண்டும். இந்தப் பதினாறு பேரும் அவளுக்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களில் ஒருவரான கம்ப்யூட்டரில் புரோகிராம் ஓடுவது என்பவருக்கு இன்னும் மீசையே சரியாக வரவில்லை.

பிறகு டம்ளர்களை எண்ணினேன். பெண் வீட்டுப் பந்தியில் இலை இருநூற்றுப் பதினாறு. வெளியே போன எவர்சில்வர் டம்ளர் இருநூற்றுப் பதினேழு. மறுபடி எண்ணினேன். அதே கணக்கு.

இருநூற்றுப் பதினேழாவது டம்ளர் பின்கட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு கிழவர் அதை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க யாரு?"

"பால் திரியிறது. நானும் ரன் வீடுதான். முந்நூறு வருசமா யாரும் என்னை வாயில எடுக்கறதில்ல."

"பத்திரிகை வரலையா?"

"கல்யாண வீட்டுல பால் காய்ச்சுவாங்க. என்னை யாரு கூப்பிடுவா? தண்ணி குடிச்சுட்டுப் போலாம்னு வந்தேன். தண்ணிக்கு ஒண்ணும் ஆகாது."

அம்மா கூடப் பிறந்தவர்தானா என்று கேட்டேன். கப்பலில் அம்மாவுக்கு அடுத்த பலகையில் உட்கார்ந்து வந்ததாகச் சொன்னார். எத்தனையாவது பலகை என்று கேட்டேன். ஆறு என்றார். திருப்தியாக இருந்தது.

பின்கட்டிலிருந்து மணமேடைக்கு அடுப்படி வழியாகத்தான் போக வேண்டும். கருத்தப்பாண்டி கரண்டியோடு வாசலை மறித்தார்.

"அண்ணாச்சி, உங்களுக்கே நல்லாருக்கா? நாலு அண்டா, நாப்பது லிட்டரு, பாயசத்துக்கு ஏத்தியாச்சு. இவரு ஒரு எட்டு வச்சா அம்புட்டும் போச்சு. நாளைக்கு எனக்கு எவன் கல்யாண ஆர்டர் குடுப்பான்?"

கிழவர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பத் திரும்பினார். அதற்குள் பெண் வந்துவிட்டாள். அவள் நடந்த இடமெல்லாம் தரை சிவந்திருந்தது.

"மாமா, எங்க போறீங்க? வாங்க."

"பால் போயிரும், தாயி."

"போகட்டும். நான் தொட்ட சீலை எத்தனை போயிருக்கு? அதுக்கு நான் ஊரை விட்டா போனேன்?"

சத்தம் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் அடுப்படி வாசலில் கூடினார்கள். "பாயசம் இல்லாம ஒரு கல்யாணச் சாப்பாடா?" என்று ஸ்டாண்ட் ஆரம்பித்தார்.

"இருக்கட்டும்ப்பா" என்றார் மாப்பிள்ளை.

கருத்தப்பாண்டி கரண்டியை இறக்கினார். கிழவர் அடுப்படிக்குள் நடந்தார். ஒவ்வொரு அண்டாவைத் தாண்டும்போதும் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. நான்கு.

பத்து பத்தொன்பதுக்கு அவர் பட்டம் கட்டினார். பழக்கம் விட்டுப்போனதால் முடிச்சுக்கு இரண்டு நிமிடம் ஆனது. பத்து இருபத்து நான்குக்குத் தாலி ஏறியது. முடிச்சுப் போட்ட மாப்பிள்ளையின் மூன்று விரல்களும் கத்தரிப்பூ நிறமாயின. திரிந்த பாலில் கருத்தப்பாண்டி வெல்லத்தைக் கொட்டிக் கிளறி, திரட்டுப்பால் என்று சொல்லிப் பரிமாறினார். ஸ்டாண்ட் நின்றபடியே மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். கிழவருக்கு நானே இலை போட்டேன். இலையும் டம்ளரும் சரியாக இருந்தன.

நான்காம் நாள் காலை மண்டபத்துக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு சலவைக்கடைக்காரர் போன் செய்தார். மேனேஜர் இல்லாததால் நான் எடுத்தேன். நல்லவேளை, அவர் தமிழில் பேசினார்.

"ஐயா, எங்க கடை போர்டுல 'சாயம் ரன் ஆகாது'ன்னு எழுதியிருக்கு. பொண்ணு ஸ்டாண்ட் வீட்டுக்குப் போயிருச்சுங்கறாங்க. நிசமா?"

"நிசம்தான். இனிமே அந்த வீட்டுப் பேருதான் போடணும்."

"முறைப்படி நடந்துச்சா? தாய்மாமன் இருந்தாரா?"

"இருந்தார். பட்டம் கட்டினார்."

"இலை எத்தனை?"

"இருநூற்றுப் பதினேழு."

அவர் எழுதிக்கொள்வது கேட்டது. 'சாயம் ஸ்டாண்ட் ஆகாது' என்று மாற்றப்போவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார். மத்தியானம் மறுபடி கூப்பிட்டார். ஆங்கிலத்தில் ரன்னுக்கு மூன்று எழுத்தாம், ஸ்டாண்டுக்கு ஐந்தாம். இரண்டு எழுத்துக்கு போர்டில் இடம் போதவில்லை. பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னதும் அவர் தன் கடையை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டாராம். அவருக்கு அடுத்தவரும் தள்ளிப் போட்டிருக்கிறார். தெருக்கோடியில் கடைசிக் கடை இப்போது கடலில் இருக்கிறது, வியாபாரம் பரவாயில்லை என்றார்.

எத்தனை கடை என்று கேட்டுக்கொண்டேன். பதினான்கு.