பெயரை எடுத்தவர்கள்

நிரல் எழுதத் தொடங்கிய ஏழு வருஷத்தில் இலேனா பெந்தன்கோரின் பெயர் ஒரே ஓர் இடத்தில்தான் அச்சேறியது. அதுவும் குற்றவாளியாக. ‘முந்நூற்று நாற்பது பேரின் சதைப் பரிசோதனை முடிவுகள் அழிந்ததற்கு, இ. பெந்தன்கோர் எழுதிய இலவச நிரலின் கோளாறே காரணம்’ என்று லித்தோரால் தாத்தோஸ் என்ற மென்பொருள் நிறுவனம் சால்தோ நகர அரசு ஆஸ்பத்திரிக்கு அறிக்கை கொடுத்திருந்தது. இது மேலிடத்துக்குப் போனால் உருகுவேயில் எந்த அரசு ஆஸ்பத்திரியும் அவள் எழுதியதைத் தொடாது.

அறிக்கையைக் கொண்டு வந்தவன் நெல்சன். அவளோடு படித்தவன், ஆஸ்பத்திரிக் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன்.

“திங்கக்கெழம கூட்டம். வந்துடு.”

“வராமலா? நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேக்குறேன் பாரு.”

ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த அந்த நிரலின் பெயர் செரேனோ. தினமும் கோப்புகளை வேறொரு கணினிக்கு நகலெடுக்கும், அவ்வளவுதான். தொடங்கும்போது ‘உள்ளே ஆள் இருக்கு’ என்று சொல்வதுபோல் தன் பெயரில் ஒரு வெற்றுக் கோப்பை வைக்கும். இன்னொரு செரேனோ வந்தால் அதைப் பார்த்து ஒதுங்கி நிற்கும். இப்படி எட்டொன்பது சின்னக் கருவிகளை எழுதி உலகத்துக்கே விட்டிருந்தாள். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஒரே நிபந்தனை, எழுதியவள் பெயரை எடுக்கக் கூடாது. அதுகூடப் பொறுக்கவில்லை அந்தப் புண்ணியவான்களுக்கு.

நிறுவனம் போன மாதம் ஆஸ்பத்திரிக்கு விற்ற ‘சொந்த’ நிரலை நெல்சன் திறந்து காட்டினான். வரிக்கு வரி அவளுடையது. ஒரு ஜனவரி வெயிலைத் திட்டி அவள் இடையில் எழுதிவைத்த குறிப்புகூட அப்படியே இருந்தது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! இலேனா விடாமல் படித்தாள். கோபத்தில்தான். முழுதும் படித்து முடித்தபோது, முடிவுகள் எப்படி அழிந்தன என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரித் தலைவர் டாக்டர் தெச்சேராவின் அறை. வெளியே பெஞ்சில், மறுபடி சதை எடுக்க வரச் சொன்ன நோயாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். நிறுவனத்து மேலாளர் வாஷிங்டன் ஒலாய்ஸோலா சாவகாசமாக மாத்தேத் தேநீர் உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

“கோச்சுக்காதேம்மா. ஓசியில கெடைக்கிற சாமான். அதுக்கு யாரு உத்தரவாதம்?”

“ஓசின்னா நாதியத்ததுன்னு நெனச்சீங்களா? உங்க நிரல எழுதினது யாரு?”

“எங்க பசங்கதான்.”

“வெயில வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கே, அதுவும் உங்க பசங்களா?”

ஒலாய்ஸோலா மாத்தேயை மேசைமேல் வைத்தார். இலேனா டாக்டர் பக்கம் திரும்பினாள்.

“டாக்டர், எம்பேரும் செரேனோங்கற பேரும் இருந்த எடத்துலெல்லாம் ஒரே வீச்சுல அவங்க கம்பெனி பேரப் போட்டுட்டாங்க. ‘ஆள் இருக்கு’ன்னு வைக்கிற கோப்போட பேரும் சேந்து மாறிடுச்சு. இங்க பழைய செரேனோவும் ஓடிக்கிட்டிருந்துச்சு. ஒண்ணு வச்ச கோப்பு இன்னொண்ணு கண்ணுல படல. ரெண்டும் ஒரே நேரத்துல ஒரே நகல் மேல எழுதியிருக்கு.”

“ஒரு மாசம் ரெண்டும் ஒண்ணா ஓடலாம்னு இவங்கதான் எழுதிக் குடுத்தாங்க,” என்றான் நெல்சன். “அதுக்குள்ள முடிவெல்லாம் இருந்த நம்ம டிஸ்க் போச்சு. நகலத் தெறந்தா வெறும் குப்ப.”

“பேர மாத்தாம இருந்திருந்தா?” என்றார் டாக்டர்.

“ஒண்ணு ஒதுங்கி இன்னொண்ணுக்கு வழி விட்டிருக்கும். ஒருத்தர் முடிவும் போயிருக்காது.”

தேள் கொட்டிய திருடன் முகம் எப்படி இருக்கும் என்று அன்று அந்த அறையில் பார்த்திருக்கலாம். ஆனாலும் ஒலாய்ஸோலா சமாளித்துக்கொண்டார். சிரிக்கக்கூடச் செய்தார்.

“சரிம்மா, எதுக்கு வம்பு? அறிக்கையிலேர்ந்து உன் பேர எடுத்துடறோம். போதுமா?”

இலேனா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது.

“தொடாதீங்க! நிரல்லேர்ந்து எம்பேர எடுத்ததாலதான இத்தன பேரு வெளிய உக்காந்திருக்காங்க? அது அங்கயே இருக்கட்டும். அத எடுத்தது யாரு, எடுத்ததால என்ன ஆச்சுன்னு அதுக்குக் கீழ எழுதுங்க.”

டாக்டர் தெச்சேரா அறிக்கையையும் தன் பேனாவையும் ஒலாய்ஸோலா முன்னால் தள்ளினார்.

“எழுதுங்க. வெளிய இருக்கறவங்களுக்கு நான் படிச்சுக் காட்டணும்.”