எடுக்காமல் விட்ட கருப்பை

சாணார்பட்டி ஒச்சம்மாளுக்கு முதலில் உண்டானது பிள்ளையே இல்லை. வயிறு மாதத்துக்கு மீறிப் பெருத்தது. ஒருநாள் உதிரம் கொட்டி, திராட்சைக் குலை மாதிரி நீர்க்கொப்புளங்களாக வந்து விழுந்தது. முத்துப்பிள்ளை என்றார்கள் ஊரில். திண்டுக்கல்லில் வயிற்றைச் சுத்தம் செய்து அனுப்பினார்கள். அத்தோடு போச்சு என்று அவளும் மல்லிகைத் தோட்டத்துக்குப் பூவெடுக்கப் போய்விட்டாள். அது 1964. அவளுக்கு இருபது வயதுதான்.

உதிரம் மட்டும் முழுசாக நிற்கவே இல்லை. ஐப்பசி மழையில் இருமலும் சேர்ந்தது, துப்பினால் ரத்தம். காசம் என்று பயந்த அவள் புருஷன் ராமர், மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். அங்கே நெஞ்சைப் படமெடுத்தபோது நுரையீரலில் வட்ட வட்டமாக நிழல் தெரிந்தது. காசம் இல்லை. முத்துப்பிள்ளையின் மிச்சம் கருப்பையில் ஒட்டிக்கொண்டு, புற்றாகி, ரத்தத்தோடு நெஞ்சுவரை போயிருந்தது.

கருப்பையை உடனே எடுத்தாக வேண்டும் என்றார் அங்கே பெண்கள் பிரிவின் பெரிய டாக்டர். எடுத்தாலும் பிழைப்பது சந்தேகம்தான் என்று ராமரிடம் தனியாகச் சொன்னார். ராமர் யோசிக்கவே இல்லை, கைநாட்டு வைக்க விரலை நீட்டிவிட்டான்.

பெரிய டாக்டருக்குக் கீழே அல்போன்சா என்று ஒரு டாக்டர் இருந்தார். இந்த ஒரு நோயைத்தான் அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். வெளிநாட்டில் சில பெண்களுக்குக் கருப்பையைத் தொடாமல் மாத்திரையாலேயே இந்தப் புற்று கரைந்திருக்கிறது, பிறகு சிலர் பிள்ளையும் பெற்றிருக்கிறார்கள் என்று படித்துவிட்டு, அந்த மாத்திரையைக் கொஞ்சம் வரவழைத்து வைத்திருந்தார். பெரிய டாக்டரிடம் போய் வாதாடினார். நோய் நெஞ்சுக்கே போன பிறகு கருப்பையை மட்டும் எடுத்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டார். பெரியவர் அரை மனதாக இறங்கி வந்தார். நோயாளி சம்மதித்தால் பார்க்கலாம், குணம் தெரியாவிட்டால் கத்திதான் என்றார்.

அல்போன்சா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒச்சம்மாளுக்கு விளக்கினார். மருந்து பொல்லாதது. வாய் புண்ணாகும், முடி கொட்டும், சமயத்தில் மருந்தே உயிருக்கு ஆபத்தாகும். தன் கையால் இதுவரை ஒருவருக்கும் கொடுத்ததில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

ராமர் குறுக்கே புகுந்தான். "பிள்ளை கிடக்கட்டும் டாக்டரம்மா. எனக்கு ஆளு வேணும். எடுத்துருங்க."

ஒச்சம்மாள் டாக்டரிடம் கேட்டாள். "எடுத்துட்டா நெஞ்சுல இருக்கிறது போயிருமா?"

"போகாது. அதுக்கும் இந்த மருந்துதான்."

"அப்ப மருந்தை முதல்ல குடுங்க. கேக்காட்டி எடுங்க." வயிற்றில் கை வைத்தபடி ராமரிடம் திரும்பினாள். "எனக்கும் உசுரு வேணும். அதோட இதுவும் வேணும்."

மாத்திரை ஆரம்பித்த சில நாளிலேயே வாயெல்லாம் வெந்துபோயிற்று. கஞ்சித் தண்ணி இறங்குவதே பெரும்பாடு. சீப்பை வைத்தால் முடி கொத்தாக வந்தது. நோய் குறைகிறதா என்று பார்க்க அல்போன்சாவிடம் தவளைகள் இருந்தன. கர்ப்பிணிக்குச் சுரக்கிற அதே சுரப்பு இந்த நோயிலும் சிறுநீரில் ஏராளமாக வரும். அதை ஆண் தவளைக்கு ஊசியில் ஏற்றினால் விந்து இறங்கும். இறங்காவிட்டால் நல்ல சேதி.

மாத்திரையின் முதல் சுற்று முடிந்தும் தவளை கெட்ட சேதியையே சொன்னது. ஆனால் இருமல் தணிந்திருந்தது, நிழலும் சுருங்கியிருந்தது. பெரிய டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, தொடரச் சொன்னார். இரண்டாவது சுற்றில் மருந்தின் உக்கிரத்தால் உடம்பில் ரத்தம் குறைந்து காய்ச்சல் அனலாய் அடித்தது. அல்போன்சா மருந்தை நிறுத்திவிட்டு அவள் பக்கத்திலேயே கிடந்தார். தான் செய்தது தப்போ என்று அவருக்கே தோன்றிவிட்டது. காய்ச்சல் இறங்கி அவள் மோர்சோறு கேட்ட அன்றுதான் அவர் வீட்டுக்குப் போய்க் குளித்தார்.

பங்குனியில் தவளை சும்மா இருந்தது. அடுத்த முறையும் சும்மா இருந்தது. நெஞ்சுப் படத்தில் நிழல் இல்லை.

வருஷம் ஒன்றுக்கு மேலாகப் பிள்ளை உண்டாகக் கூடாது என்று கட்டளை. உண்டானால் நோயா பிள்ளையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒச்சம்மாள் குஜிலியம்பாறையில் அம்மா வீட்டில் தங்கினாள். ராமர் அவளைத் தள்ளிவைத்துவிட்டான் என்று ஊர் பேசியது. அவன் மாதாமாதம் வந்து அவளை மதுரைக்குப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனான்.

கெடு முடிந்து சாணார்பட்டி திரும்பிய மறு வருஷம் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. மதுரையில் தவளை விந்து இறக்கியது.

பிள்ளையா, பழைய நோயா? அல்போன்சாவுக்கும் தெரியவில்லை. பிள்ளையாக இருந்தால் நெஞ்சுப் படம் ஆகாது என்று அதையும் எடுக்கவில்லை. வரும்போதெல்லாம் வயிற்றைத் தொட்டு அளந்தார். போன தடவை மாதிரி மீறி வளரவில்லை, மாதத்துக்குத் தக்கபடிதான் இருந்தது. அதற்கு மேல் எதையும் அவர் உறுதியாகச் சொல்லவில்லை. ராமருக்குத் தோட்டத்தில் கை ஓடவில்லை. ஒச்சம்மாள்தான் பூவெடுத்தாள், சமைத்தாள், அவனையும் அதட்டிச் சாப்பிட வைத்தாள்.

ஐந்தாம் மாதம், பிள்ளையின் இதயத்துடிப்பு கேட்கிறதா என்று அல்போன்சா மரக்குழலை அவள் வயிற்றில் வைத்துக் காதைப் பொருத்தினார். இடம் மாற்றி மாற்றி வைத்தார். ஓரிடத்தில் அசையாமல் நின்றார். அவர் கண் நிறைந்தது. வெளியே நின்ற ராமரைக் கூப்பிட்டுக் குழலில் காதை வைக்கச் சொன்னார்.

ஒச்சம்மாள் அவன் முகத்தையே பார்த்தாள். "கேக்குதா?"

"ஓடுது," என்றான். "வெரசா ஓடுது."

அவன் தலையை எடுக்கவே இல்லை. டாக்டர்தான் தோளைத் தொட்டு எழுப்ப வேண்டியிருந்தது. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு காப்பி கிளப்பில் உட்கார்ந்தார்கள். அம்புட்டு நாளும் அவள்தான் அவனை அதட்டிச் சாப்பிட வைத்தாள், இன்றுதான் ராமர் அவள் இலையைப் பார்த்துப் பார்த்து இட்லி வைக்கச் சொன்னான். போதும் போதும் என்றபடியே எல்லாவற்றையும் சாப்பிட்டாள்.

புரட்டாசியில் பெண் பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல். பிள்ளை பெற்ற பிறகு எடுத்த படத்திலும் நெஞ்சு சுத்தமாக இருந்தது. அல்போன்சா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டினார். அவர் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு வெகுநேரம் பிள்ளையைக் கையில் வைத்திருந்தார்.