மாடியில்லாத வீட்டுப் படி

நோயாளிகளின் கோப்புகளுக்குக் குறியீட்டு எண் போடுவது சுராயாவின் வேலை. டாக்டர் எழுதிய நோய்க்கு ஓர் எண், அது எப்படி வந்தது என்பதற்கு ஓர் எண், எந்த இடத்தில் நடந்தது என்பதற்கு இன்னோர் எண். டாக்டர் எழுதாததை அவள் சொந்தமாகச் சேர்க்கக் கூடாது; சந்தேகம் இருந்தால் கேட்டு எழுதி வாங்கலாம். பாலக்கரை ஆஸ்பத்திரியில் பதினோரு வருடமாக இதே பிழைப்பு.

அன்று டிஸ்சார்ஜுக்கு வந்தது அனிஷாவின் கோப்பு. குடல் கிழிந்து, வயிற்றின் உள்சவ்வு முழுக்கச் சீழ் பிடித்து, செத்துப் பிழைத்த இருபத்தாறு வயதுப் பெண். காரணம், வீட்டு மாடிப்படியில் விழுந்தது. விலாசம், பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ். சுராயா விலாசத்தை மறுபடி படித்தாள். அந்த வீட்டு வரிசையிலேயே பிறந்து வளர்ந்தவள் அவள். அத்தனையும் ஓட்டு வீடு. மாடியும் கிடையாது, படியும் கிடையாது. யார் காதில் பூச்சுற்றுகிறார்கள்?

கோப்பைத் தூக்கிக்கொண்டு டாக்டர் அமிர்தராஜிடம் போனாள். புருஷன் சொன்னதை எழுதினேன், அந்தப் பெண்ணும் மறுக்கவில்லை, போலீஸ் கேஸானால் கோர்ட்டுக்கு யார் அலைவது என்று அவர் எரிந்து விழுந்தார். நல்லா இருக்கு நியாயம்! படியென்று எண் போட்டால் அனிஷா இன்றே அவனோடு வீட்டுக்குப் போவாள். அடுத்த முறை பிணமாகத்தான் வருவாள்.

வெளியே வந்தால், கவுண்ட்டர் முன்னால் புருஷன் ரெஜிஸ், காலில் ஒர்க்‌ஷாப் பூட்ஸோடு நிற்கிறான். பக்கத்தில் சக்கர நாற்காலியில் அனிஷா. சுராயா அவனை ஏறெடுத்தும் பார்க்காமல் அவளிடம் குனிந்தாள்.

"எந்தப் படிம்மா? உங்க லைன்ல படியே இல்லையே."

அனிஷா வாய் திறப்பதற்குள் ரெஜிஸ் சுராயாவின் துப்பட்டாவைக் கழுத்தோடு பிடித்து இழுத்தான். நெற்றி கவுண்ட்டர் விளிம்பில் மோதிக் கிழிந்தது. தரையில் விழுந்தவளின் இடுப்பில் ஒரு மிதி. புரண்டாள், அடிவயிற்றில் இன்னொன்று. மூச்சு நின்று போயிற்று. வரிசையில் நின்றவர்கள் சிலையாக நின்றார்கள், பாவிகள். செக்யூரிட்டி இரண்டு பேர் பாய்ந்து அவனை அமுக்கியபோது டாக்டரும் ஓடி வந்துவிட்டார்.

அனிஷா தையல் போட்ட வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டு எழுந்து நின்றாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"என்னையும் இப்படித்தான் மிதிச்சான் டாக்டர். எழுதிக்கங்க."

சுராயா ரத்தம் பட்ட கோப்பைத் தரையோடு அவர் பக்கம் தள்ளினாள்.