கக்கத்தில் பூசாத கொழுப்பு

1954 ஆகஸ்ட் 21 அன்று டோவர் கடற்கரையில், பிரான்ஸ் வரை ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கவிருந்த மேவிஸ் ஹாக்பென்னின் கக்கங்களில் அவள் கணவன் வேண்டுமென்றே கொழுப்புப் பூசவில்லை.

குளிரும் உப்பும் தோலைத் தாக்காதிருக்கப் பூசும் கொழுப்பு அது; நீந்துபவர் தாமே பூசிக்கொள்வது வழக்கமில்லை. கையில் பிசுக்கு ஏறினால் நீச்சல் கண்ணாடியைச் சரிசெய்ய முடியாது, பார்வை மங்கிவிடும். எனவே, முன்பே கால்வாயைக் கடந்து அந்தப் பெருமையில் ஊரெங்கும் இலவசமாகக் குடித்துவந்த அவள் கணவன் சிரில், ஆட்டு ரோமக் கொழுப்பை அவள் முதுகிலும் தொடையிலும் அள்ளி அப்பினான்.

"கிறிஸ்துமஸ் வாத்து ரெடி! யாராவது அடுப்பப் பத்த வைங்கப்பா!"

படகுக்காரர்கள் சிரித்தார்கள்.

"கக்கத்துல படலீங்க. உப்பு அறுத்துடும்," என்றாள் மேவிஸ்.

"கடந்தவன் நானா, நீயா? கையக் கீழ போடு."

அவள் கையைத் தாழ்த்தினாள். அத்தனை பேர் முன்னிலையில் வேறென்ன செய்வாள்?

நண்பகலுக்குள் தோல் உரிந்தது. ஒவ்வொரு வீச்சுக்கும் உப்பு உள்ளே இறங்கியது. துணைப் படகிலிருந்து, கழியில் கட்டிய குவளையில் சூடான இறைச்சிச் சாறு நீட்டப்பட்டபோது அவள் கெஞ்சினாள்: "அந்தக் கொழுப்பு டப்பாவக் கட்டி நீட்டுங்க. நானே தடவிக்கிறேன்."

"டப்பாவா? கரையிலேயே விட்டுட்டு வந்துட்டேனே, கண்ணு!" அதன்மேல்தான் அவன் கால் நீட்டி அமர்ந்திருந்தான்.

மேவிஸ் திரும்பி நீந்தினாள். பின்னால் நீர் சிவந்தது. மாலையில் பிரெஞ்சுக் கரையின் வீடுகள் தெரிந்தன; ஜன்னல்களும் தெரிந்தன. அவள் வேகம் கூட்டினாள்.

படகு நெருங்கி வந்தது. சிரில் குனிந்தான்.

"தொடாதீங்க! என்னால முடியும்! மிஸ்டர் பில்ச்சர், தொட வேணாம்னு சொல்லுங்க!"

கால்வாய் நீச்சல் சங்கத்தின் பார்வையாளராகப் படகில் வந்த பில்ச்சர் எழுவதற்குள் சிரிலின் கை அவள் தோளை அழுத்திப் பிடித்தது. பிறர் கை பட்டால் முயற்சி முடிந்தது, அதுவே விதி. பில்ச்சர் தொப்பியைக் கழற்றினார்.

மேலே இழுக்கும்போது சிரில் அவள் காதில் சொன்னான்: "ஒரு வீட்டுக்கு ஒருத்தர் கடந்தது போதும்டி."

டோவர் துறையில் அவளைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு இறங்கினான். மனைவியைக் காத்த வீரன் என்று கூட்டம் ஆரவாரித்தது. மேவிஸால் கையை அசைத்து மறுக்கவும் இயலவில்லை.

வாசகரே, நீரும் கைதட்ட விரும்பினால், முதலில் அந்தக் கம்பளியை விலக்கிப் பாரும்.