வலது பக்கம் சாய்ந்த மரம்

சுகுமாறன் மருத்துவமனைக்குப் போகும்போது அவருடைய மரம் இடது பக்கம் சாய்ந்திருந்தது. மூன்று மாதம் கழித்து வந்து பார்த்தால் அது வலது பக்கம் சாய்ந்திருந்தது.

போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கிரேன் ஓட்டியவர் அவர். பத்து மாடி உயரத்தில் உட்கார்ந்து, கீழே கப்பலில் இருக்கிற கண்டெய்னர் ஒரு சாண் தள்ளியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். அந்தக் கண்ணுக்கு, சாடியில் வளர்க்கிற ஒரு மரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரியாமல் போகுமா?

மரத்தின் பெயர் அந்திங் புத்ரி. இளவரசியின் காதணி என்று அர்த்தம். வெள்ளைப் பூ தலைகீழாகத் தொங்கும். வாசனை ஆளைத் தூக்கும். பதினான்கு வருடமாக ஒன்றரை அடிக்கு மேல் வளரவிடாமல் அவர் வளர்த்த போன்சாய் அது. மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் கூடும் போன்சாய் சங்கத்தில் அந்த மரத்தைத் தெரியாதவர்கள் இல்லை. சங்கப் பதிவேட்டில் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். கூட்டத்துக்கு வருகிறவர்கள் ஏழெட்டுப் பேர். கம்பியும் கத்தரியுமாக உட்கார்ந்து, நாசி லெமாக் சாப்பிட்டு, அடுத்தவர் மரத்தைக் குறை சொல்லிவிட்டுப் போவார்கள்.

நெஞ்சைத் திறந்து அறுவை செய்யவேண்டும் என்று டாக்டர் சொன்னதும், சுகுமாறன் மரத்தைத் தூக்கிக்கொண்டு போய் வசுந்தரா டீச்சரிடம் கொடுத்தார். டீச்சர் சங்கத்தின் செயலாளர். ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பத்தில் மூன்றாவது தலைமுறை. பிரிக்ஃபீல்ட்ஸில் மண்டபத்துக்கு இரண்டு தெரு தள்ளி அவர் வீடு.

அறுவை நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகுதான் கிருமி தொற்றிப் பதினொரு நாள் ஐசியூவில் கிடந்தார். பிறகு சிரம்பானில் மகள் வீட்டில் இரண்டு மாதம். "கொஞ்ச நாளைக்கு மறதி இருக்கும், பயப்படாதீங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருக்கத்தான் செய்தது. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் ஒரு நாள் முழுக்க ஞாபகத்துக்கு வரவில்லை. சாப்பிடுகிற மாத்திரையைச் சாப்பிட்டாரா இல்லையா என்று தெரியாமல் மனைவியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆகவே டீச்சர் வீட்டு முற்றத்தில் மரத்தைப் பார்த்ததும் தன் கண்ணை நம்பலாமா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. மனைவி லோகேஸ்வரியைத் திரும்பிப் பார்த்தார். அவர் பூந்தொட்டிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இது..."

"உங்கட மரம்தான். ஏன் அப்பிடிப் பார்க்கிறீங்கள்?"

"இடது பக்கம்லா சாஞ்சிருக்கும்."

"வெயில் இந்தப் பக்கம்தான் விழுது. அதுதான் திருப்பி வச்சனான். முன்பக்கம் பின்பக்கமாப் போச்சு."

சரிதானே என்று தோன்றியது. நன்றி சொல்லி, மடியில் வைத்துக்கொண்டு கிள்ளானுக்கு ரயிலேறினார்.

வீட்டில் மரத்தைத் திருப்பிப் பார்த்தார். இப்போது இடது பக்கம் சாய்ந்தது. ஆனால் அடியில் கை நீட்டினாற்போல ஒரு தடித்த கிளை இருக்குமே, அதைக் காணவில்லை. டீச்சரைப் போனில் கூப்பிட்டார். "அந்தக் கொப்பு பட்டுப்போச்சு. நான்தான் வெட்டினனான்" என்றார் டீச்சர். சுகுமாறன் அடிமரத்தைத் தடவிப் பார்த்தார். மூன்று மாதத்துக்குள் வெட்டிய இடம் புண் மாதிரித் தெரியவேண்டும். தெரியவில்லை.

மறுநாள் ஜெயராஜுக்குப் போன் செய்து கிளையைப் பற்றிக் கேட்டார். ஜெஞ்சாரோமில் நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் ஜெயராஜ் சங்கத்தில் இருப்பவர்களிலேயே கை தேர்ந்தவர்.

"வெட்டலண்ணே. கம்பி கட்டி மேல தூக்கிவிட்டேன். அதான் ஒங்களுக்கு வேற மாதிரி தெரியுது."

"டீச்சர் வெட்டுனேன்னு சொன்னாங்களே."

"அது வேற கிளைண்ணே" என்றார் ஜெயராஜ்.

சங்கத் தலைவர் லிம்மைக் கேட்டார். அவர் மலாயில் வேறொரு கதை சொன்னார்: வேர் அழுகியிருந்ததாம், சாடி மாற்றினார்களாம், மாற்றும்போது மரத்தைக் கொஞ்சம் நிமிர்த்தினார்களாம். "போக்கோ சாமா லா, சுகு" என்று முடித்தார். அதே மரம்தான் என்று அர்த்தம்.

மூன்று பேரும் சொன்னது தனித்தனியாக நம்பும்படிதான் இருந்தது. சேர்த்துப் பார்த்தால்தான் ஒட்டவில்லை. ஒட்டாதது அவர்கள் சொன்னதா, தன் மூளையா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. பல வருடங்களுக்கு முன்னால், ஒரு தீபாவளிச் சமயத்தில், அடிமரத்தில் சுற்றிய கம்பியை எடுக்க மறந்துவிட்டார். பட்டை கம்பியை விழுங்கிவிட்டது. பிடுங்கி எடுத்த பிறகும் திருகாணி மரை மாதிரி ஒரு தழும்பு நின்றுபோனது. கூட்டத்துக்குக் கூட்டம் அதைக் காட்டிக் கேலி செய்வார்கள். அந்தத் தழும்பைத் தேடிக் கட்டைவிரலால் மேலும் கீழும் தடவினார். வழவழவென்று இருந்தது.

"லோகேஸ், நம்ம மரத்துல ஒரு தழும்பு இருந்துச்சில்ல?"

"நேத்தும் இதைத்தானே கேட்டீங்க?" என்றார் லோகேஸ்வரி, முகத்தை நிமிர்த்தாமல் கீரை ஆய்ந்தபடி.

நேற்றுக் கேட்டோமா? கேட்ட ஞாபகம் இல்லை. அப்படியானால் தழும்பு இருந்ததாக நினைப்பதும் இப்படித்தானா? அது வேறு யாருடைய மரத்திலோ இருந்ததா? அடுத்த நான்கு வாரமும் அவர் இதையே நினைத்துக்கொண்டிருந்தார். லாரி சத்தம் கேட்டால்கூட, இது உண்மையில் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டார்.

இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. வருடாந்தரக் கண்காட்சிக்கான படிவத்தை டீச்சர் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். சுகுமாறன் வாங்கவில்லை. எழுந்து நின்றார்.

"நான் சங்கத்துலருந்து நின்னுக்கிறேன். என் மரமே எனக்கு அடையாளம் தெரியல. நீங்க எல்லாம் அதே மரம்னு சொல்றீங்க, என் கண்ணுக்கு அப்படித் தெரியல. தலையில ஏதோ ஆயிடுச்சு. இன்னும் மோசமாப் போறதுக்கு முன்னால நானே போயிடுறேன்."

ஜெயராஜ் கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தார். லிம்முக்குத் தமிழ் புரியாது. ஆனால் முகத்தைப் பார்த்தே விஷயம் புரிந்திருக்கவேண்டும், தலையைக் குனிந்துகொண்டார்.

வசுந்தரா டீச்சர்தான் பேசினார். "இருங்கோ சுகுமாறன். உங்கட தலைக்கு ஒண்டும் இல்லை. அது உங்கட மரம் இல்லை."

பினாங்கில் ஒரு கல்யாணத்துக்கு அவர் மூன்று நாள் போயிருந்தாராம். தானாகத் தண்ணீர் விடும் குழாயை வைத்துவிட்டுப் போனாராம். அது முதல் நாளே அடைத்துக்கொண்டுவிட்டது. மூன்று நாள் வெயில். சாடியில் இருப்பதோ ஒரு கைப்பிடி மண். திரும்பி வந்தபோது இலையெல்லாம் உதிர்ந்து கிடந்தது. அன்று சுகுமாறன் ஐசியூவில். அதிர்ச்சி தரும் எதையும் அவருக்குச் சொல்லவேண்டாம் என்று மகள் சொல்லியிருந்தாள். ஜெயராஜ் பண்ணையிலிருந்து இதே சாதி மரம் ஒன்றைக் கொண்டுவந்தார். லிம்மும் சேர்ந்து நான்கு ஞாயிற்றுக்கிழமை கம்பி கட்டி, முடிந்தவரை அதைப்போல ஆக்கினார்கள்.

"சாய்வ மட்டும் மாத்த முடியலண்ணே" என்றார் ஜெயராஜ்.

சுகுமாறனுக்கு முதலில் கோபம் வரவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்படியென்றால் தழும்பு இருந்தது, கிளை இருந்தது, எல்லாம் இருந்தது. மூளை சரியாகத்தான் இருக்கிறது. சிரிப்பு வரும்போல இருந்தது. மரம் செத்துப்போன சேதியைக் கேட்டுச் சிரிப்பு வருகிறதே என்று அடுத்த நிமிடம் கூச்சமாகவும் இருந்தது.

"என் மரம் எங்க?"

டீச்சர் வீட்டுக்கு எல்லோரும் நடந்தார்கள். பின்கட்டில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், ஒரு இலைகூட இல்லாமல் நின்றது. சாடி மண் ஈரமாக இருந்தது. செத்த மரத்துக்கு டீச்சர் இன்னும் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

சுகுமாறன் குனிந்தார். கட்டைவிரல் நேராகத் தழும்பில் போய் உட்கார்ந்தது. கீழே அந்தத் தடித்த கிளை. இடது பக்கச் சாய்வு. ஒன்றும் மாறவில்லை. எல்லாம் அவர் நினைத்து வைத்திருந்த அதே இடத்தில் அப்படியே இருந்தது.

"இதுதான். இதுதான் என் மரம்" என்றார். தொலைந்த பிள்ளையைக் கண்டெடுத்தவர்போல முகமெல்லாம் மலர்ந்திருந்தது. பிறகு நகத்தால் பட்டையைச் சுரண்டினார். உயிர் இருந்தால் உள்ளே பச்சை தெரியும். பழுப்பாக, பொடியாக உதிர்ந்தது. இன்னொரு இடத்திலும் சுரண்டிப் பார்த்தார்.

"ஐசியூல இருக்கறப்ப சொல்லாதது சரி" என்றார் மெதுவாக. "வந்தப்புறம் சொல்லியிருக்கலாமே. ஒரு மாசமா நான் பைத்தியம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"பயந்திட்டன்" என்றார் டீச்சர்.

சுகுமாறன் செத்த மரத்தை ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போனார். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு மலாய் அம்மா அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டுக்குப் போய் நடந்ததை லோகேஸ்வரியிடம் சொன்னபோது அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு முன்னாடியே தெரியும்."

"அப்ப, தழும்பப் பத்தி நேத்தும் கேட்டீங்கன்னு சொன்னியே?"

"நீங்க கேக்கல. என்ன சொல்றதுன்னு தெரியாம வாயில வந்துடுச்சு."

யார்மேல் கோபப்படுவது என்று அவருக்கு விளங்கவில்லை. வரிசையாக எல்லோர்மேலும் வந்தது, ஒருவர்மேலும் நிற்கவில்லை. தனக்காக நான்கு ஞாயிற்றுக்கிழமை கம்பி கட்டியவர்களைத் திட்டுவதா, தன்னை ஒரு மாதம் அலையவிட்டவர்களுக்கு நன்றி சொல்வதா?

டீச்சர் நான்கு முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை. ஒன்பதாவது நாள் காலையில் புது மரத்தில் ஒரு மொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அவரே டீச்சருக்குப் போன் போட்டார்.

"டீச்சர், இந்த மரத்துக்கு ஒரு நாளைக்கு எத்தன தடவ தண்ணி?"

அவருக்குத் தெரியாததில்லை. டீச்சருக்கும் அது தெரியும். ஆனாலும் அவர் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, வெயில் கடுமையாக இருந்தால் மதியமும் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனார். சுகுமாறன் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டார். பிறகு கண்காட்சிப் படிவம் இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று விசாரித்தார்.